ஸ்கீமேட்டிக்கில் ஒரு கோடு, பேனலில் எத்தனை மில்லிமீட்டர்?

எது எதோடு இணைகிறது என்று மட்டும் காட்டும் மின்சுற்று வரைபடம்தான் ஸ்கீமேட்டிக். அதற்கு இடம் தெரியாது. கே1 கான்டாக்டரின் (காயிலுக்கு மின்சாரம் கொடுத்தால் இயங்கும் சுவிட்ச்) மெயின் கான்டாக்ட் முதல் பக்கத்தில் இருக்கும், காயில் ஏழாம் பக்கத்தில் இருக்கும். பேனலுக்குள் இரண்டும் 45 மி.மீ. அகலமுள்ள ஒரே டப்பா. மின் பேனல் வடிவமைக்கும் மென்பொருளான சாலிட்வொர்க்ஸ் எலெக்ட்ரிக்கலில் இவற்றைக் கட்டிவைத்திருப்பது 'கே1' என்ற பெயரும், அதன் கீழே வரும் டெர்மினல் (வயர் மாட்டும் முனை) எண்களும்தான். ஸ்கீமேட்டிக்கும் 3டி மாடலும் ஒரே எஸ்க்யூஎல் டேட்டாபேஸைப் படிப்பதால், ஒரு பக்கம் பெயர் மாற்றினால் மறுபக்கமும் மாறிவிடும்.

முதல் தவறு பாகத்தை உள்ளே கொண்டுவரும்போதே நடக்கிறது. மெக்கானிக்கல் பழக்கத்தில் சாதாரண இன்சர்ட் கம்போனென்ட் கொடுத்து டின் ரெயிலில் (பாகங்கள் உட்காரும் உலோகப் பட்டை) மாட்டிவிடுவார்கள். பார்க்க அச்சு அசல் கான்டாக்டர். டேட்டாபேஸைப் பொறுத்தவரை அது வெறும் பிளாஸ்டிக் கட்டி. எலெக்ட்ரிக்கல் பட்டியலிலிருந்து இன்சர்ட் செய்ய வேண்டும், அல்லது ஏற்கெனவே வைத்ததை அந்தப் பட்டியலில் உள்ள பெயரோடு அசோசியேட் செய்ய (இணைக்க) வேண்டும். ஒன்றை காப்பி எடுத்துப் பக்கத்தில் ஒட்டுவதும் இதே கதைதான்.

பாகத்துக்கு 3டி மாடல் இல்லையென்றால், மேனுஃபேக்சரர் பார்ட்டில் (தயாரிப்பாளரின் பாகப் பதிவு) உள்ள அகலம், உயரம், ஆழத்தை வைத்து மென்பொருளே ஒரு பெட்டி செய்துகொள்ளும். இடம் போதுமா என்று பார்க்க அது தாராளமாகப் போதும். வயர் நீளம் வேண்டுமென்றால் போதாது. கம்பெனி தளத்திலிருந்து இறக்கும் ஸ்டெப் ஃபைலிலும் வடிவம் மட்டும்தான் இருக்கும். 35 மி.மீ. ரெயிலில் உட்காரும் மேட் ரெஃபரன்ஸையும் (பாகம் எங்கே பொருந்தும் என்ற குறி), ஒவ்வொரு டெர்மினலுக்கும் ஒரு சிபாயின்ட்டையும் (வயர் வந்து சேரும் புள்ளி) நாம்தான் வைக்க வேண்டும். காயிலின் இரண்டு டெர்மினல்களில் ஏ1 மேலேயும் ஏ2 கீழேயும் உள்ள கான்டாக்டரில் இந்த இரண்டு புள்ளிகள் இடம் மாறிவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது. மேல் டக்டில் (வயர்கள் ஓடும் மூடியுள்ள பெட்டிக் கால்வாய்) போக வேண்டிய வயர் கீழ் டக்டில் அழகாகப் போய்ச் சேரும். பட்டியலில் நீளமும் வரும், தவறாக.

டக்டுக்குள் ரவுட்டிங் பாதை, அதாவது வயர் போக வேண்டிய வழி, என்பது ஒரு ஸ்கெட்ச் கோடு. அதற்கு இரண்டு தூரங்களைத் தருகிறோம்: டெர்மினலிலிருந்து பாதைக்கு அதிகபட்சம் எவ்வளவு, ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு. டெர்மினல் 60 மி.மீ. தள்ளி இருக்கும்போது 50 என்று கொடுத்தால் அந்த வயருக்குப் பாதை கிடைக்காது. எரிச்சலில் 500 என்று போட்டால் டக்டே இல்லாத இடத்தில் வயர் தாண்டிக் குதிக்கும். டக்ட்கள் சேரும் மூலைகளில் ஸ்கெட்ச் முனைகளை ஒன்றாக இணைத்துவிட்டு, தூரத்தைச் சிறிதாகவே வைப்பது நல்லது.

வயர் ஸ்டைலில் (வயர் வகையின் அமைப்பு) விட்டம் கேட்கும் இடத்தில் பலர் செம்பின் விட்டத்தைப் போடுகிறார்கள். 1.5 சதுர மி.மீ. என்பதிலிருந்து கணக்குப் போட்டால் 1.38 மி.மீ. வரும். இன்சுலேஷனோடு அதே வயர் ஏறத்தாழ 3 மி.மீ. அப்படியானால் டக்டில் நிஜமாக அடைக்கும் இடத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் திரையில் தெரியும். மூடி மூடாத டக்ட் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.

அதிகம் கவனிக்கப்படாத விஷயம் வயரிங் ஆர்டர், அதாவது ஒரே இணைப்பில் உள்ள டெர்மினல்களை வயர் தொடும் வரிசை. மூன்று காயில்களின் ஏ2 ஒரே பொட்டென்ஷியல். ஸ்கீமேட்டிக்கில் ஒரே கோடு. கே1, கே3 மேல் ரெயிலிலும் கே2 அதற்கு 400 மி.மீ. கீழேயும் இருந்து, ஆர்டர் கே1–கே2–கே3 என்று இருந்தால் வயர் ஒருமுறை இறங்கி மறுபடி ஏறும். கே1–கே3–கே2 என்று மாற்றினால் ஒரு இறக்கத்தோடு முடியும். பாகங்களை வைத்த பிறகு, ரவுட் செய்வதற்கு முன், ஆர்டரை ஆப்டிமைஸ் செய்துவிடுங்கள். அதன்பின் ஃபெரூல் (வயர் முனையில் மாட்டும் எண் வளையம்) பட்டியலையும் புதிதாக எடுக்க வேண்டும். பழைய பட்டியல் வயர்மேன் கையில் இருந்தால் பாவம் அவர்.

கதவு தனித் தலைவலி. மாடலில் கதவு மூடியே இருக்கும். அது திறக்கும் என்று ரவுட்டிங்குக்குத் தெரியாது. கீல் பக்கத்தில் தொங்கும் வளைவையும் பாதையாகவே வரைந்துவிட வேண்டும். இல்லையென்றால் செலக்டர் சுவிட்சுக்கு வெட்டிய வயர் கதவைப் பாதிதான் திறக்க விடும்.

நீளத்துக்கு 5 சதவீதம் கூட்டுவது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. 300 மி.மீ. வயருக்கு 15 மி.மீ.தான் கிடைக்கும், 3 மீட்டர் வயருக்கு 150. முனையை உரித்து லக் (உலோக முனை) அடிக்க இரண்டுக்கும் ஒரே அளவுதான் தேவை. வயர் பட்டியலை எக்செல்லில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே நிலையான அளவைக் கூட்டுவது மேல்.

மொத்தமாக வெட்டும் முன், முதல் பேனலில் பத்து வயர்களைக் கையால் அளந்து பட்டியலோடு ஒப்பிடுங்கள். எல்லாமே ஒரே அளவு குறைந்தால் கூட்டிய அளவு போதவில்லை. ஒன்றிரண்டு மட்டும் தாறுமாறாக இருந்தால், அந்தப் பாகத்தின் சிபாயின்ட்டைத் திறந்து பாருங்கள்.