ஐந்து கிலோவாட் தீவு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், மாலெய்க் துறைமுகத்திலிருந்து படகேறிச் செல்ல வேண்டிய எக் என்ற சிறு தீவில், சென்ற மே மாதம் நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். மின்பொறியியல் படித்தவன் என்பதால், அங்குள்ள மலையையும் கடற்கரையையும் விட அத்தீவின் மின்சாரமே என்னை ஈர்த்தது. நூறு பேர் அளவில் வாழும் அந்தத் தீவுக்கு வெளியிலிருந்து மின்கம்பி எதுவும் வருவதில்லை.

தங்கியிருந்த குடிலின் சமையலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிறு திரை இருந்தது. வீடு அந்த நொடியில் எத்தனை கிலோவாட் மின்சாரம் எடுக்கிறது என்பதை அது காட்டும். கெட்டிலைப் போட்டதும் அதிலிருந்த எண் 0.2 இலிருந்து 3.1க்குத் தாவியது. துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரைச் சூடாக்கும் நேரத்தில் கெட்டிலைப் போட வேண்டாம் என்று வீட்டுக்கார அம்மையார் முதல் நாளே சொல்லியிருந்தார். எக் தீவில் ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்க முடியாது; தொழில் நிறுவனங்களுக்கு வரம்பு 10 கிலோவாட். மீறினால் இணைப்பு தானே துண்டிக்கப்படும். பராமரிப்புக் குழுவிலிருந்து ஒருவர் வந்துதான் மீண்டும் போட்டுவிட வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. நம் ஊரில் 'பீஸ் போய்விட்டது' என்றால் அந்த வீட்டுக்காரர் மட்டும் இருட்டில் உட்கார்ந்திருப்பார். இங்கோ யார் வீட்டில் போனது என்பது மாலைக்குள் தீவு முழுவதும் தெரிந்துவிடும் என்று அம்மையார் சிரித்துக்கொண்டே சொன்னார்.

1997இல் தீவு மக்கள், மாவட்ட நிர்வாகம், ஒரு வனவிலங்கு அமைப்பு ஆகிய மூவரும் சேர்ந்த அறக்கட்டளை இந்தத் தீவையே அதன் தனி உரிமையாளரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அதுவரையிலும், அதற்குப் பின் பத்தாண்டுகளுக்கும், பெரும்பாலான வீடுகளில் தனித்தனியே டீசல் ஜெனரேட்டர்கள்தாம் ஓடின. நிலப்பகுதியிலிருந்து கடலடிக் கேபிள் இழுப்பதற்குப் பல மில்லியன் பவுண்டு ஆகும் என்ற நிலையில், அதைவிடக் குறைந்த செலவில், ஏறத்தாழ 16 லட்சம் பவுண்டில், தங்களுக்கென ஒரு மின்கட்டமைப்பை அவர்களே அமைத்துக்கொண்டார்கள். 2008 பிப்ரவரியில் அது இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 100 கிலோவாட் திறனுள்ள ஒரு நீர்மின் நிலையம், மிகச் சிறிய இன்னும் இரண்டு, அன் ஸ்கூர் என்ற பாறை முகட்டின் அடிவாரத்தில் தலா 6 கிலோவாட்டில் நான்கு காற்றாலைகள், முதலில் 10 கிலோவாட்டாக இருந்து பிறகு 50 அளவுக்கு வளர்ந்த சூரியத் தகடுகள் ஆகியவற்றை மண்ணுக்கடியில் செல்லும் 11 கிலோமீட்டர் கேபிள் ஒன்றாகக் கோக்கிறது. இவை எல்லாம் கைவிட்டால் மட்டும் இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள் கிளம்பும்.

மூன்று மூலங்களும் பருவத்துக்கேற்ப ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன. குளிர்காலத்தில் மழையும் காற்றும் கொட்டித் தீர்க்கும், வெயில் என்பதே இருக்காது. கோடையில் ஓடைகள் மெலியும்போது பதினேழு மணி நேரப் பகல் அந்தக் குறையை ஈடு செய்கிறது.

என்னை வியக்க வைத்தது கட்டுப்பாட்டு முறைதான். 'ஸ்மார்ட்' என்றதும் கைப்பேசிச் செயலியும் இணையத் தொடர்பும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இங்கே செய்தியைக் கொண்டுசெல்வது மின்சாரமேதான். மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண், அதாவது அது அலையும் எண்ணிக்கை, இயல்பாக நொடிக்கு 50. மிஞ்சும் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பேட்டரி அறை ஒன்று உண்டு. அங்கே பேட்டரி மின்சாரத்தை மாறுமின்னோட்டமாக்கித் தரும் இன்வெர்ட்டர்கள், பேட்டரிகள் நிறைந்துவிட்டதைக் கண்டால் இந்த எண்ணைச் சிறிது உயர்த்துகின்றன. தீவின் மறுமுனையிலிருக்கும் ஹீட்டர் அதே கம்பியில் வரும் இந்த உயர்வை உணர்ந்து, உபரி மின்சாரம் இருக்கிறது என்று அறிந்து, தானே இயங்கத் தொடங்கும். சமூகக்கூடமும் தேவாலயமும் இப்படித்தான் செலவில்லாமல் சூடாகின்றன. அதன் பின்பும் மின்சாரம் மிஞ்சினால் அதிர்வெண் மேலும் ஏறும். சூரியத் தகடுகளின் இன்வெர்ட்டர்கள் தம் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். தனியாக ஒரு தகவல் கம்பி கூடத் தேவையில்லாத இந்த ஏற்பாட்டை எந்தச் செயலியை விடவும் அறிவார்ந்தது என்றே நான் கருதுகிறேன்.

ஆனாலும் இந்த அமைப்பின் முதுகெலும்பு அந்த 5 கிலோவாட் வரம்புதான் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது புரிந்தது. பேட்டரிகளிலிருந்து மின்சாரத்தை எடுத்துத் தருவதற்கு 5 கிலோவாட் இன்வெர்ட்டர்கள் பன்னிரண்டு இருக்கின்றன, மொத்தம் 60. நாற்பது வீடுகள் ஒரே நேரத்தில் தத்தம் உச்சத்தைத் தொட்டால் 200 கிலோவாட் வேண்டும். அப்படி நடப்பதில்லை, ஏனென்றால் எல்லோரும் ஒரே நொடியில் தேநீர் போடுவதில்லை. ஆயினும் வரம்பே இல்லாமல் பத்து வீடுகளில் மின்சாரக் குளியல் ஷவர்கள் ஒன்றாக ஓடினால், ஒவ்வொன்றும் ஒன்பது பத்து கிலோவாட் இழுக்க, கட்டமைப்பு தாங்காது. உச்சத்தைத் தாங்களே வெட்டிக்கொண்டதால்தான் சிறிய இயந்திரங்களும் சிறிய செலவும் போதுமானதாயின. கட்டணத்தை ஏற்றி ஏழையை மட்டும் சிக்கனப்படுத்தாமல், பணம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே வரம்பை வைத்தார்கள். தீவு தங்கள் சொத்து என்பதால் அதை ஏற்றுக்கொள்ளவும் முடிந்தது. ஒரு நகரத்தில் இதே வரம்பை மின்வாரியம் விதித்தால் மறுநாளே மறியல் நடக்கும்.

குறைகளும் இல்லாமலில்லை. பேட்டரி அறையில் வரிசையாக நின்ற 96 ஈய அமில பேட்டரிகளுக்கு ஆயுள் வரம்பு உண்டு. அவற்றை மாற்றும் செலவை மின்கட்டணத்திலிருந்தே சேர்த்து வைக்க வேண்டும். அதைவிடப் பெரிய கேள்வி வெப்பம். ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டின் ஆற்றல் தேவையில் பெரும்பகுதி விளக்குக்கோ கணினிக்கோ போவதில்லை, அறைகளைச் சூடாக்குவதற்கே போகிறது; அதற்கு இந்த மின்சாரம் போதாது. சமையலுக்குச் சிலிண்டர் எரிவாயு படகில் வருகிறது. கரியில்லா மின்சாரம் என்று தீவைக் கொண்டாடும் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

கிளம்பும் நாள் காலையில் மழை பெய்தது. குளிருக்கு ஹீட்டர் போடலாமா என்று கேட்டேன். அம்மையார் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், கொல்லையில் தகரக் கூரையின் கீழ் அடுக்கியிருந்த விறகைக் காட்டி, இரண்டு கட்டை எடுத்து வரச் சொன்னார்.