நிவாரணப் பணத்தில் கைவைத்த பத்திரிகைச் சந்தா

தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது போர்டில் இருக்கும் பெயர்தான். வேலையில் பாதி, பிறருக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவது. வாரிசுச் சான்று, ரேஷன் அட்டையில் பெயர் சேர்த்தல், மீனவர் நல வாரிய அட்டை என்று எது வந்தாலும் எழுதிக் கொடுப்பேன். அப்படிப்பட்டவனின் சொந்த அண்ணன் வீட்டில்தான் இது நடந்தது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் தெருவில் யாராவது சொல்லிவிடுவார்கள்.

அண்ணன் விசைப்படகில் வேலை செய்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பதும் வலை பின்னுவதும்தான் வேலை, கூலி குறைவு. வீடு ஓடுவது கடனிலும் அரசு தரும் நிவாரணத் தொகையிலும். முன்பு 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் ஊரில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவித்தார்கள். அண்ணன் வீட்டில் அந்தப் பணம் மதினியின் கணக்குக்கு வரும். கடந்த ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் பாஸ்புக்கில் வரவு பதிந்துகொண்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என் கடைக்கு வந்தார்.

“தம்பி, எட்டாயிரம் வந்திருக்கிறது. மூன்றாம் நாள் ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது போயிருக்கிறது. நான் எடுக்கவில்லை. உங்கள் அண்ணனைக் கேட்டால் கடல்மேல் சத்தியம் செய்கிறார்.”

பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். 212 ரூபாய் இருந்த கணக்கு 8,212 ஆகி, 6,713 ஆகியிருந்தது. கழித்த வரியில் அரைகுறையான ஆங்கில எழுத்துகளும் ஒரு பன்னிரண்டு இலக்க எண்ணும். வங்கியில் கேட்டதற்கு, “நீங்களே ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள் அம்மா” என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்களாம்.

என் முதல் சந்தேகம் இணையத் திருட்டு. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டியதுதான் என்று கைபேசியை எடுத்தேன். அதற்குள் மதினி பாஸ்புக்கின் முந்தைய பக்கத்தைத் திருப்பினார். மார்ச்சிலும் அதே 1,499. சீசன் நேரத்தில் பணம் வருவதும் போவதுமாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. டிசம்பரில் அதே பெயருக்கு ஒரே ஒரு ரூபாய். திருடன் இப்படித் தவணை முறையில் வரமாட்டான். வீட்டுக்குள் யாரோ கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.

யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ என்று ஒரு பகுதி உண்டு. நம் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுத்துக்கொள்ள யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் அங்கே இருக்கும். தினமும் கைபேசியில் பணம் அனுப்புகிறவர்களில் பலர் அந்தப் பக்கத்தை ஒருமுறைகூடத் திறந்திருக்க மாட்டார்கள், மதினியும் திறந்ததில்லை. அங்கே இருந்தது ஓர் ஆங்கிலப் பொது அறிவு மாத இதழின் பெயரை ஒட்டிய நிறுவனம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,499 ரூபாய். முடிவுத் தேதி பத்து ஆண்டு கழித்து. பத்தாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகளுக்கு இருபத்தைந்து வயதுவரை பொது அறிவு ஊட்டுவதாகத் திட்டம்.

உடனே ரத்து செய்யக் கை பரபரத்தது. கடைப் பழக்கம் காப்பாற்றியது: எதையும் தொடுமுன் நகல். அந்தப் பக்கத்தையும், மூன்று பணப் பரிமாற்றங்களின் விவரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்செடுத்துக்கொண்டேன். பிறகுதான் ரத்து. அதற்கு யுபிஐ பின் எண் கேட்டது. மதினி சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு தானே அழுத்தினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இனி எடுக்க முடியாது. எடுத்ததைத் திரும்ப வாங்குவது வேறு கதை.

அந்த ஒரு ரூபாய் எப்படிப் போனது என்று யோசித்துக்கொண்டே இருந்த மதினி, சாயங்காலம் ரேஷன் அட்டை வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையோடு வந்தார். உள்ளே ஒரு கடிதம். பார்த்தால் மின் கட்டண ரசீதுக்குத் தம்பி மாதிரி இருந்தது. சுற்றிலும் சிவப்புக் கோடு, மேலே ‘சந்தா புதுப்பித்தல் பில்’, கட்டத்துக்குள் ‘நிலுவை’, அதற்குக் கீழே கடைசி நாள், வாடிக்கையாளர் எண். ஓரத்தில் கியூஆர் கோடு. ‘முகவரியை உறுதிசெய்ய 1 ரூபாய் மட்டும்’ என்று ஒரு வரி. சந்தாவே கட்டாதவர்களுக்குப் புதுப்பித்தல் எங்கிருந்து வந்தது? அண்ணன் மகளைக் கேட்டேன். பள்ளியில் பொது அறிவுப் போட்டி என்று வெளியாட்கள் வந்து எல்லோரிடமும் ஒரு படிவம் நிரப்பி வாங்கினார்களாம். பெயர், முகவரி, அப்பாவின் கைபேசி எண். அதன்பின் இரண்டு இதழ்கள் தபாலில் வந்தன. இலவசம் என்று நினைத்திருக்கிறாள். மதினியோ பள்ளிக்கூடத்து விஷயம், பில் கட்டாவிட்டால் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, பின் எண்ணை அழுத்தியிருக்கிறார். ஒரு ரூபாய்தானே.

கடிதத்தின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில், எள்ளைவிடப் பொடியாக, ஆங்கிலத்தில் ஏழெட்டு வரிகள். கண்ணாடி போட்டும் எனக்குப் புரியவில்லை. ஜெராக்ஸ் இயந்திரத்தில் வைத்து இருநூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன். சாம்பல் நிறம் வெளிறிப்போயிற்று. மை அளவைக் கூட்டி மறுபடி எடுத்தேன். மூன்றாவது தாளில்தான் வாசகம் எழுந்து வந்தது: இது கட்டணக் கோரிக்கை அல்ல, ஒரு சலுகை அறிவிப்பு, கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் தொடர் சந்தாவுக்குச் சம்மதித்ததாகப் பொருள், நிறுத்த விரும்பினால் 60 நாட்களுக்கு முன் மின்னஞ்சலில் மட்டும் தெரிவிக்க வேண்டும். பதினேழு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இவ்வளவு கெட்டிக்காரத்தனமான தாளைப் பார்த்ததில்லை. அமெரிக்காவில் பில் போலத் தோற்றமளிக்கும் விளம்பரத் தபாலில், இது பில் அல்ல என்று பளிச்சென்று அச்சிட வேண்டும் என அங்குள்ள தபால் சட்டமே சொல்கிறதாம். ஏமாற்றும் கலை எல்லா ஊருக்கும் பொதுதான் போலிருக்கிறது.

மறுநாள் மூன்று இடங்களில் முட்டிப் பார்த்தேன்.

வங்கியில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். அங்கே நான் அதிகம் சண்டை போடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. தானியங்கிப் பிடித்தம் செய்யக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மதினியின் கைபேசியில் தேடினேன். ரீசார்ஜ் சலுகைகளுக்கும் கடன் வேண்டுமா என்ற விசாரிப்புகளுக்கும் நடுவே அந்தக் குறுஞ்செய்தி இருந்தது, ஆங்கிலத்தில். விதிப்படி மணி அடித்திருக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் புரியாத மொழியில் அடித்திருக்கிறார்கள். பின் எண்ணும் மதினி அழுத்தியதுதான். வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் தகவலே வராமல் பணம் போனவர்களுக்குத்தான் அந்தக் கதவு எளிதில் திறக்கும் என்பது என் கணிப்பு.

இரண்டாவது, இதழின் ஆசிரியர் குழு. எந்தப் பத்திரிகையிலும் அச்சிட்டவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்களோடு முகவரி போட்டாக வேண்டும். வந்த இரண்டு இதழ்களில் ஒன்று புத்தகப் பைக்குள் கிடந்தது; அதிலிருந்த எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார். ஆண்டுச் சந்தாவே 480 ரூபாய்தான், உள்ளேயே அச்சிட்டிருக்கிறோமே என்றார். பணம் பிடித்த நிறுவனம் தங்கள் முகவர் அல்ல என்றும், முன்பும் இரண்டு பேர் இப்படிக் கேட்டார்கள் என்றும் சொன்னார். அதை இரண்டு வரியில் மின்னஞ்சலாக அனுப்பச் சொன்னேன், அனுப்பினார். ஆண்டுக்கு 480 ரூபாய் சரக்குக்கு 5,996 ரூபாய் வசூல் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. வசூல் நடந்த மாதங்களில் இதழ் ஒன்றுகூட வரவில்லை என்பது தனி.

மூன்றாவது, பணம் பிடித்த நிறுவனம். இதைப் பற்றி அதிகம் எழுதக் கை கூசுகிறது. நான்கு முறை அழைத்தேன், நான்கு பேர் பேசினார்கள். நிறுத்தக் கட்டணம் 500 ரூபாய் என்றார் ஒருவர். ஒரு பெண், பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லையா என்று கேட்டார். அதோடு தொலைபேசியை வைத்துவிட்டேன். இதில் பேச்சு உதவாது, எழுத்துதான். தேதி போட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்: சந்தா கேட்கவில்லை, பில் என்று நம்பவைத்து ஒப்புதல் பெற்றீர்கள், 2,999 ரூபாயைத் திருப்பித் தரவும்.

பதில் வராததால் 1915-ஐ அழைத்தோம். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். நான் பேசவில்லை, மதினியைப் பேசவைத்தேன். பணம் போனவர் அவர். முதலில் குரல் தடுமாறியது. தடைக்காலப் பணம் என்று சொல்லும்போது தடுமாற்றம் போய்விட்டது. ஒரு பதிவு எண் கொடுத்தார்கள். உதவி மையம் தீர்ப்புச் சொல்லும் இடம் அல்ல, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்க முயலும் இடம். மூன்று வாரத்தில் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: நல்லெண்ண அடிப்படையில் கடைசித் தவணையை மட்டும் தருகிறோம், இத்துடன் விவகாரம் முடிந்தது எனச் சம்மதம் தெரிவித்துப் பதில் அனுப்பவும்.

“பாதி கிடைக்கிறதே, விட்டுவிடு” என்றார் அண்ணன். அதற்குள் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தார். மதினி வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெரிதாக்கிய தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

ஒரு திங்கட்கிழமை கடையைப் பையனிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். பாம்பன் பாலம், மண்டபம், உச்சிப்புளி கடந்து ராமநாதபுரம் சேர ஒன்றரை மணி நேரம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணைய அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டதை அப்படியே எழுதுகிறேன். நிறுவனம் எந்த மாநிலத்தில் இருந்தாலும், பாதிக்கப்பட்டவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த வசதி இது. கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். 2,999 ரூபாய்க்கு வழக்கா என்று அங்கே யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தெம்பு தந்தது.

திரும்பி வந்து மதினி பெயரில் நோட்டீஸ் தயாரித்தேன். இரண்டு பக்கம்தான். நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு விதிகளைச் சுட்டினேன். நுகர்வோரை மறைமுகமாகச் சிக்கவைக்கும் 13 வகைத் தந்திரங்களை அதில் தடை செய்திருக்கிறார்கள். சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. நிறுத்தும் வழியை மறைப்பதும், சுற்றிவளைப்பதும் அதில் அடங்கும். பதினைந்து நாட்களுக்குள் முழுப் பணமும் வராவிட்டால் ராமநாதபுரம் ஆணையத்தில் வழக்கு, பணத்தோடு மன உளைச்சலுக்கும் செலவுக்கும் இழப்பீடு கேட்போம் என்று முடித்தேன். இணைப்புகள்: கடிதத்தின் முன்பக்கம், பெரிதாக்கிய பின்பக்கம், ஆட்டோபே பக்கத்தின் அச்சு, பாஸ்புக் நகல், இதழிலிருந்து வந்த மின்னஞ்சல், 1915 பதிவு எண். மதினி ஒவ்வொரு தாளிலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான விவரத்தையும் அச்செடுத்து வைத்துக்கொண்டோம்.

பன்னிரண்டாம் நாள் பணம் வந்துவிட்டது. வருத்தமும் இல்லை, விளக்கமும் இல்லை. சும்மா வரவு.

மதினி பாஸ்புக்கோடு கடைக்கு வந்தார். கடையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். வந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார்: 2,998.

“டிசம்பரில் போன அந்த ஒரு ரூபாய் எங்கே தம்பி?”

விடுங்கள் மதினி என்றேன். அவர் விடவில்லை. பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசைமேல் இருந்த வெள்ளைத் தாளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, தேதியை எங்கே போட வேண்டும், வலப்பக்கமா இடப்பக்கமா என்று கேட்டார்.