ஷண்ட் கணக்கும் கையிலுள்ள மல்ரிமீற்றரும்

எங்கள் காலத்தில் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் எல்லோரும் அசையும் சுருள் கல்வனோமானியை, அதாவது மிகச்சிறிய மின்னோட்டத்தை முள்ளால் காட்டும் கருவியை, அம்பியர்மானியாக்கும் கணக்கைச் செய்திருப்பார்கள். சுருளின் தடை 100 ஓம், முழுத்திரும்பலுக்கு 1 மில்லி அம்பியர் வேண்டும். அதைக் கொண்டு 1 அம்பியர் வரை அளக்கச் சமாந்தரமாக எவ்வளவு தடை போடவேண்டும்? விடை 0.1 ஓமைவிட ஒரு துளி அதிகம். பரீட்சை முடிந்ததும் பலரும் அதை மறந்தோம். ஆனால் இன்று எந்தக் கடையிலும் மலிவாக வாங்கக்கூடிய டிஜிற்றல் மல்ரிமீற்றருக்குள் (வோல்ற், அம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் கருவி) இருப்பதும் அந்தச் சமாந்தரத் தடை, அதாவது ஷண்ட்தான்.

பின்மூடியைக் கழற்றினால் கண்ணுக்கே தெரியும். 10 அம்பியர் துளையிலிருந்து பொதுத்துளைக்கு, ஆணி மொத்தத்தில் ஒரு கம்பி வளைந்து நிற்கும். அதன் தடை ஏறத்தாழ 0.01 ஓம். செம்பு சூடேறினால் தடை கூடிவிடும் என்பதால் மங்கனின் போன்ற கலப்புலோகத்தில் செய்திருப்பார்கள். 10 அம்பியர் ஓடினால் அதன் குறுக்கே 0.1 வோல்ற் விழும். மீற்றர் அளப்பது அந்த வோல்ற்றளவைத்தான். மின்னோட்டத்தை அது நேரே அளப்பதே இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

மின்னோட்டத்தை அளக்கும்போது மீற்றர் அநேகமாக வெறும் கம்பிதான். ஆகவே சுற்றை ஓரிடத்தில் வெட்டி, வெட்டிய இரு முனைகளுக்கும் இடையில் தொடராக வைக்கவேண்டும். மின்கலத்தின் இரு முனைகளிலும் நேரே வைத்தால் குறுஞ்சுற்று. அதைவிட அடிக்கடி நடப்பது வேறொன்று: அம்பியர் அளந்தபின் சிவப்பு வயரை அதே துளையில் விட்டுவிட்டு, குமிழை மட்டும் வோல்ற்றுக்குத் திருப்பி அளக்கப் போவது. குமிழ் எங்கே நின்றாலும் அந்தத் துளைக்குள் ஷண்ட் இருக்கிறது. மலிவான மீற்றர்கள் பலவற்றில் 10 அம்பியர் துளைக்கு உருகியும் (பியூஸ்) இல்லை. வீட்டு மின்சாரத்தில் இப்படி வைத்தால் கையிலேயே வெடிக்கும். அளந்து முடித்த கையோடு வயரைக் கழற்றி வோல்ற் துளைக்கு மாற்றிவிடுங்கள்.

வாசிப்பு எப்போதும் பூச்சியமாகவே இருந்தால் முதலில் உருகியைச் சந்தேகியுங்கள். மில்லி அம்பியர் துளையின் உருகி எரிந்திருந்தாலும் வோல்ற், ஓம் அளவுகள் ஒழுங்காகவே வரும். மாற்றும்போது அதே அம்பியரும் அதே வோல்ற் தரமும் உள்ள உருகியையே போடவேண்டும். நல்ல மீற்றர்களில் 1000 வோல்ற் தாங்கும், மணல் நிரப்பிய உருகி இருக்கும். அங்கே சாதாரணக் கண்ணாடி உருகியைச் செருகுவது ஆபத்து.

ஷண்டால் வாசிப்பும் குறையும். 1.5 வோல்ற் மின்கலமும் 10 ஓம் தடையும் உள்ள சுற்றில் 150 மில்லி அம்பியர் ஓடவேண்டும். மலிவான மீற்றரின் 200 மில்லி அம்பியர் வீச்சில் ஷண்ட் 1 ஓம். அதை இடையில் வைத்ததும் ஓட்டம் 136 ஆகிவிடும். உருகியின் தடையும் வயர்களின் தடையும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். மீற்றர் பொய் சொல்லவில்லை, சுற்றைத்தான் மாற்றிவிட்டது. 10 அம்பியர் வீச்சுக்குப் போனால் இந்த இழப்பு மிகக் குறைவு, ஆனால் கடைசி இலக்கத்தின் பெறுமதி 10 மில்லி அம்பியர்.

குளிர்நாட்டில் இதனால் பெரிய பயன் காரில்தான். நிறுத்திவைத்த காரின் பற்றறி இறங்குகிறதென்றால், பற்றறியின் எதிர் (−) முனையின் கேபிளைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் இடையில் மீற்றரை 10 அம்பியர் வீச்சில் வையுங்கள். எல்லா விளக்குகளும் அணைந்திருக்கவேண்டும். கதவைத் திறக்கவேண்டாம். எஞ்சினை இயக்கவே கூடாது. ஸ்ராட்டர் நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும். காரின் கணினிகள் உறங்க அரை மணித்தியாலமோ அதற்கு மேலோ ஆகலாம், அதுவரை வாசிப்பு உயர்ந்தே நிற்கும். பிறகு 50 மில்லி அம்பியருக்குள் வந்தால் பொதுவாகப் பயமில்லை. அரை அம்பியரில் நின்றால் ஒரு நாளைக்கு 12 அம்பியர்-மணி போகிறது. 60 அம்பியர்-மணிப் பற்றறி ஐந்து நாளில் காலி, கடுங்குளிரில் அதற்கும் முன்னரே. அப்போது காரின் உருகிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் வாசிப்பு சட்டென்று விழுகிறதோ, அந்த வழியில்தான் கசிவு.