டியூட்டி லிஸ்ட் போடத் தெரியுமா?

வார்டில் தாக்குப்பிடிக்க முடியாதவர்கள்தான் டீச்சிங்குக்குப் போவார்கள் என்று நர்சுகளுக்குள் ஒரு பேச்சு உண்டு. எம்.எஸ்சி. முடித்து, ஐ.சி.யு. வேலையை விட்டுவிட்டு ஒரு தனியார் கல்லூரியில் டியூட்டராகச் சேர்ந்தபோது எனக்கும் அந்தப் பேச்சு கிடைத்தது. சம்பளமும் குறைவு, வீட்டில் முதலில் கேட்டதே அதைத்தான். என்ன செய்ய, சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடித்திருந்தது. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு வென்டிலேட்டர் அலாரம் ஏன் அடிக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தால் நைட் டியூட்டி போவதே தெரியாது.

வந்த பிறகுதான் ஒரு சிக்கல் புரிந்தது. மாணவிகளைப் போஸ்டிங்குக்கு, அதாவது வார்டுப் பயிற்சிக்கு, அழைத்துப்போகும் டியூட்டருக்கு வார்டில் எந்த அதிகாரமும் கிடையாது. வார்டுப் பொறுப்பில் இருக்கும் இன்சார்ஜ் சிஸ்டர் ஒருவிதமாக டிரெஸ்ஸிங் செய்யச் சொல்வார், நாங்கள் பாடத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருப்போம். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது மாணவி. வேலூர் சி.எம்.சி.யில் கல்லூரி ஆசிரியர்களே வார்டுப் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கும் முறை இருக்கிறது. 1946-இலேயே நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிய இடம் அது. மற்ற பல ஊர்களில் கல்லூரி தனி, ஆஸ்பத்திரி தனி.

நாளைக்கு வார்டை நடத்தப்போகும் பிள்ளைகளுக்குத் தலைமைத்துவம் பாடத்திட்டத்தில் இல்லாமல் இல்லை. 2021-இல் பி.எஸ்சி. நர்சிங்கை செமஸ்டர் முறைக்கு மாற்றியபோது மேலாண்மையும் தலைமைத்துவமும் பாடத்தின் பெயரிலேயே இடம்பிடித்தன. பிள்ளைகள் ‘போஸ்ட்கார்ப்’ என்று மனப்பாடம் செய்வார்கள்: திட்டமிடுதல், அமைப்பாக்குதல், ஆள் நியமித்தல் என்று நீளும் பட்டியலின் ஆங்கில முதலெழுத்துகள். 1937-இல் லூதர் குலிக் என்ற அமெரிக்க நிர்வாகவியல் அறிஞர் நிர்வாக வேலையை விளக்க எழுதியது. மார்க் வந்துவிடும். ஆனால் ஒரு வார்டை நடத்த அது போதுமா?

அதனால் கடைசி வருடப் பிள்ளைகளிடம் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று டியூட்டி லிஸ்ட் போடச் சொல்வேன். வார்டில் 14 ஸ்டாஃப் நர்ஸ். காலைக்கு 5 பேர், மதியத்துக்கு 3, இரவுக்கு 3, ஆக நாளொன்றுக்கு 11 பேர் வேண்டும். ஒருத்தர் பிரசவ லீவில் இருக்கிறார், மிச்சம் 13. ஆளுக்கு வாரம் ஒரு ஆஃப் கொடுத்தால் நாளுக்குச் சராசரியாக 11 பேர்தான் தேறுவார்கள். அப்புறம் என் பங்குக்குச் சீட்டுகளை நீட்டுவேன். ஒருத்தருக்குத் தங்கை கல்யாணம், ஐந்து நாள் லீவ். ஒருத்தருடைய பையனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, இந்த மாதம் நைட் வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து ஒரே ஷிஃப்டில் போடாதீர்கள் என்று கேட்கிறார்கள். காரணம் சொல்ல மாட்டார்கள்.

வகுப்பே சத்தமாகிவிடும். முக்கால்வாசிப் பேர் கடைசியில் கூடுதல் நைட்டை எங்கே தள்ளுகிறார்கள் தெரியுமா? வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான, வாய் திறக்காத ஜூனியர் தலையில். நிஜ வார்டிலும் இதுதான் நடக்கிறது, யாரும் கற்றுக்கொடுக்காமலே. நான் திட்டுவதில்லை. “இந்த லிஸ்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு, எல்லாரும் வந்து பார்க்கும்வரை நீ பக்கத்திலேயே நிற்பாயா?” என்று மட்டும் கேட்பேன். பலர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இன்னொரு பயிற்சி, போன். நான்தான் டியூட்டி டாக்டர், இரவு இரண்டு மணி, தூக்கக் கலக்கம், எரிச்சல். முதல் முறை பேசுபவர் எப்போதும் “சார், பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்காங்க” என்றுதான் தொடங்குவார். “சரி, பார்த்துக்கோங்க” என்று வைத்துவிடுவேன். எஸ்பார் முறை வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை அது: நிலைமை, பின்னணி, கணிப்பு, பரிந்துரை. முதல் இரண்டும் சரளமாக வரும்: “12-ஆம் பெட், குடல் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், பி.பி. 80/50, பல்ஸ் 128, இரண்டு மணி நேரத்தில் யூரின் 20 மில்லிதான்.” அதோடு நின்றுவிடும். “ஷாக்குக்குப் போகிறார் என்று நினைக்கிறேன், உடனே வந்து பாருங்கள்” என்று சொல்ல நாக்கு எழாது. நர்ஸ் எப்படி டாக்டருக்குச் சொல்வது? நாலு வருடம் ‘எஸ் மேம், எஸ் சார்’ என்றே பழக்கியவர்கள் நாங்கள்தானே. ஆகவே அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பேன்.

இன்சார்ஜ் பதவி பெரும்பாலும் சீனியாரிட்டியில்தான் வருகிறது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. பதவி தரும் முன் ஒரு மாதமாவது பழைய இன்சார்ஜ் கூடவே நின்று இன்டென்ட் (மருந்து, சாமான் கேட்டு எழுதுவது), ஸ்டாக், புகார் எல்லாம் பார்க்கட்டும் என்றுதான் கேட்கிறேன். ஆள் இல்லை என்பார்கள். கைவேலையில் கெட்டிக்காரியாக இருந்தவர் மறுநாள் இன்சார்ஜ் ஆகி, ஐ.வி. போடுவதைக்கூட யாரிடமும் விடாமல் தானே ஓடிக்கொண்டிருப்பார்.

என் பழைய மாணவி ஒருத்தி இப்போது சர்ஜிகல் வார்டு இன்சார்ஜ். போன மாதம் கூப்பிட்டாள். “மேம், சீனியர் அக்கா ரெண்டு பேரு, நைட் போட்டாலே லீவ் லெட்டர் குடுத்துடறாங்க.” லிஸ்டை ஒட்டுவதற்கு முன்னால் அவர்களிடம் காட்டினாயா என்று கேட்டேன். இல்லையாம். அடுத்த மாத லிஸ்டைப் பென்சிலில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். ஒருவர், கணவர் சனி ஞாயிறு வீட்டில் இருப்பதால் அந்த இரண்டு நைட்டையும் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். இன்னொருவர் இந்த மாதமும் லீவ் லெட்டர் கொடுத்துவிட்டார். அது இப்போது சூபரின்டென்டென்ட் மேசையில் இருக்கிறது.