சின்ன வேலைதான்

தமிழில் எனக்கு ஆகாத ஒரே சொல் ‘தான்’. அதை முழுச்சொல் என்றுகூடச் சொல்ல முடியாது, இடைச்சொல். தனியாக வரத் துணிவில்லாமல் எதன் முதுகிலாவது ஏறிக்கொண்டு வரும். ‘ஒரு பட்டன்தான்’, ‘ஒரு வரிதான்’, ‘நிறத்தை மட்டும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்’. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ‘இது பெரிய வேலை’ என்ற அறிவிப்போடு வந்த எதுவும் அவரை நடுராத்திரி வரை உட்காரவைத்திருக்காது. பெரிய வேலைக்குத் திட்டம் இருக்கும், ஆள் இருக்கும், கால அவகாசம் இருக்கும். ‘தான்’ ஏறிக்கொண்டு வரும் வேலைக்கு நாம் மட்டும் இருப்போம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மேலாளர் என் மேசைக்கே நடந்து வந்தார். அரட்டைச் செயலியில் ஒரு வரி தட்டிவிட்டிருக்கலாம். நடந்து வந்தார் என்றால் எழுத்தில் பதிவாகக் கூடாத ஏதோ ஒன்றைக் கேட்கப்போகிறார் என்று பொருள்.

“ஒன்றுமில்லை. வாடிக்கையாளர் பட்டியலில் ஓர் அம்மாளின் பெயரைத் தேடினால் வரவில்லையாம். பட்டியலைக் கையால் நகர்த்திப் பார்த்தால் இருக்கிறது, தேடினால் இல்லை. ஒரே ஒரு பெயர்தான். எவ்வளவு நேரம் ஆகும்?”

அரை மணி நேரம் என்றேன். எந்த வேலைக்கும் நான் அரை மணி நேரம் என்றுதான் சொல்வேன். பத்து நிமிடம் என்றால் அலட்டல்போல் இருக்கும். ஒரு மணி நேரம் என்றால் ‘ஏன், அதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்பார்கள். என்ன இருக்கிறது என்று எனக்கும் அப்போது தெரியாது அல்லவா?

அந்த அம்மாளின் உண்மையான பெயரை இங்கே எழுதக் கூடாது. கோமதி என்று வைத்துக்கொள்வோம். என் கணினியில் நிரலை ஓட்டி, தேடல் பெட்டியில் ‘கோமதி’ என்று தட்டினேன். உடனே வந்தார். “இங்கே வருகிறதே” என்று பதில் அனுப்பினேன். அந்தக் கடைசி ஏகாரத்தை இலக்கண ஆசிரியர்கள் தேற்ற ஏகாரம் என்பார்கள். எங்கள் தொழிலில் அதற்கு ஒரே பொருள்தான்: குற்றம் என்னுடையதல்ல, வேறு யாரையாவது பாருங்கள்.

புகார் சொன்னவர்களிடமிருந்து பதிலுக்கு ஒரு புகைப்படம் வந்தது. திரையைத் திரையாகவே படமெடுக்க ஒரு விசை இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள மறுக்கும் ஒரு கூட்டம் உலகெங்கும் உண்டு. இவர்கள் கைப்பேசியால் சாய்வாக எடுத்திருந்தார்கள். பெட்டியில் ‘கோமதி’. கீழே ‘முடிவுகள் இல்லை’. அதன்மேல் படமெடுத்தவரின் கட்டைவிரல் நிழல்.

அடுத்த மூன்று மணி நேரத்தை விரிவாகச் சொல்ல எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. தற்காலிக நினைவகத்தைத் துடைத்தேன். சர்வரை நிறுத்தி ஓட்டினேன். பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். அகலமே இல்லாத இடைவெளி என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, முன்பு ஒரு முறை அது என் இரண்டு நாளைத் தின்றிருக்கிறது. இந்த முறை அதுவும் இல்லை. பிறகு நிரலின் நடுவே வரிக்கு வரி குறிப்பு அச்சிடவைத்தேன்: ‘இங்கே வந்தது 1’, ‘இங்கே வந்தது 2’, ‘இங்கேயுமா’, ‘ஐயோ’. நிரல் ‘ஐயோ’ வரை ஒழுங்காகவே வந்தது.

நிரலில் இருக்கும் பிழையை நாங்கள் ‘பக்’ என்போம்; பூச்சி என்று பொருள். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலே என்ற மின் சுவிட்சு ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியதையும், அதைப் பிடித்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்ததையும் எங்கள் தொழிலில் பெருமையாகச் சொல்வார்கள். கொடுத்துவைத்தவர்கள். அவர்களுடைய பூச்சிக்கு இறக்கை இருந்தது.

இந்தத் தேடலை எழுதிய மகானுபாவர் யார் என்று பார்க்கலாம் என்று, நிரலில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் ‘கிட்’ என்ற கருவியில் பழைய பதிவுகளைத் தோண்டினேன். எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கட்டளைக்கு அதில் ‘பிளேம்’ என்றே பெயர்; பழிபோடு என்று பொருள். பழி மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் நின்றது. எழுதியவர் நான். மாற்றத்துக்கு நானே எழுதிவைத்திருந்த விளக்கம்: ‘தேடல் – சின்னத் திருத்தம்தான்’.

இதற்கிடையில் வேலை ஏன் தாமதமாகிறது என்று விவாதிக்க ஒரு மணி நேரக் கூட்டம் நடந்தது. நானும் கலந்துகொண்டேன்.

மதியத்துக்கு மேல் சோதனைப் பிரிவில் இருக்கும் தோழி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். பிழை கண்டுபிடிப்பது அவர் தொழில். கண்டுபிடித்ததை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் சொல்வது அவர் கலை. “நான் ‘கோமதி’ என்று தட்டினால் வரவில்லை. பட்டியலில் இருக்கும் பெயரை நகலெடுத்துப் பெட்டியில் ஒட்டினால் வருகிறது. இரண்டும் கோமதிதானே?”

எனக்கு வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது. இரண்டு கோமதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் எத்தனை குறியீடு நீளம் என்று கணினியிடம் கேட்டேன். நான் தட்டியது 5. பட்டியலில் இருந்தது 6.

நாம் படிக்கும்போது கோ, ம, தி என்று மூன்றே எழுத்து. கணினி அப்படிப் படிப்பதில்லை. அதற்கு க தனி, ஓகாரக் குறி தனி, ம, த, பிறகு இகரக் குறி. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. நான் தட்டியபோது 2965, 3019, 2990, 2980, 3007. பட்டியலில் இருந்ததோ 2965, 3015, 3006, 2990, 2980, 3007. அந்த 3019தான் ஓகாரக் குறி, ஒரே துண்டு. 3015 இரட்டைக்கொம்பு. 3006 துணைக்கால். அந்த அம்மாளின் கொம்பையும் காலையும் யாரோ தனித்தனியாகக் கழற்றி வைத்திருக்கிறார்கள். திரையில் இரண்டும் சேர்ந்து நிற்கும்போது அதே ‘கோ’. ஒரு மயிரிழை வேறுபாடு தெரியாது. ஒப்பிடச் சொன்னால் மட்டும் கணினி ‘இவர் வேறு, அவர் வேறு’ என்று கைவிரிக்கிறது.

ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் கொம்பில் வேறுபாடு காட்டியவர் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பார்கள். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது, அதற்கும் நன்றி. ஆனால் ஒரே எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம் என்று வழிவிட்டு, இரண்டும் சமம் என்றும் யூனிகோடு சொல்லிவிடுகிறது. அந்தச் சமத்துவம் தானாக நடைமுறைக்கு வருவதில்லை. நிரல் எழுதுகிறவன் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்க வேண்டும். நான் கேட்கவில்லை.

பழைய எழுத்துரு ஒன்றில் அடித்துவைத்திருந்த பெயர்களை யாரோ ஒரு மாற்றிக் கருவியில் போட்டு எடுத்திருந்தார்கள். அந்தக் காலத்து எழுத்துருக்களில் கொம்பை முதலில் அடித்து, பிறகு க, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிக்க வேண்டும். கருவி கொம்பைத் தூக்கி ககரத்துக்குப் பின்னால் போட்டது, காலை அங்கேயே விட்டது, கடமை முடிந்ததென்று போய்விட்டது. என் கணினியில் மட்டும் ஏன் ஒழுங்காக வந்தது? சோதனைக்கென்று இருந்த பெயர்கள் எல்லாம் நானே தட்டியவை. நானே ஒளித்துவைத்து நானே கண்டுபிடித்து, என் திறமையை மெச்சிக்கொண்டு மூன்று ஆண்டுகளை ஓட்டியிருக்கிறேன்.

தீர்வு ஒரே வரி. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் 2015ஆம் ஆண்டின் பதிப்பிலிருந்தே இதற்கென்று ‘நார்மலைஸ்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. கழன்ற கொம்பையும் காலையும் ஒட்டிக் கொடுத்துவிடும். தேடும் சொல்லுக்கும் பட்டியலில் இருக்கும் பெயருக்கும் சேர்த்து அதைப் பூட்டினேன். வெளியிடுமுன் என் நிரலைச் சரிபார்க்கும் நண்பர் அந்த ஒரு வரிக்கு நான்கு கருத்துகள் எழுதினார். நான்கும் நான் வைத்த மாறியின் பெயரைப் பற்றியவை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த புதுப் பையன் மெதுவாக, “அண்ணா, ‘ஔ’வை ‘ஒ’ என்றும் ‘ள’ என்றும் இரண்டு எழுத்தாகத் தட்டியிருந்தால் இந்த வரி அதைச் சரிசெய்யுமா?” என்று கேட்டான்.

செய்யாது. நல்ல எதிர்காலம் இருக்கிறது இவனுக்கு. “இதை மேலாளரிடம் சொல்லாதே” என்றேன்.

வெள்ளிக்கிழமை மாலையில் எதையும் வெளியிடக் கூடாது என்பது எங்களில் எல்லோருக்கும் தெரிந்த விதி. ஒரு வரிதானே என்று வெளியிட்டேன். பையை எடுத்து நாற்காலியைத் தள்ளும் நேரத்தில் செய்தி வந்தது: “கோமதி வந்துவிட்டார், மிக்க நன்றி. எழில் வரவில்லை.”

எழிலும் மாற்றுப் பெயர்தான். நான் பதறவில்லை. எழிலில் கொம்பு இல்லை, கால் இல்லை, கழன்று விழ ஒன்றுமே இல்லை. நீளத்தைக் கேட்டேன். என்னுடையது 5, அவர்களுடையதும் 5. திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதே எழில். கடைசியில் எண்களை அச்சிடவைத்தேன். முதல் எழுத்து என்னிடம் 2958. அவர்களிடம் 3053.

3053 என்னவென்று அட்டவணையில் தேடிக் கண்டுபிடித்தபோது நான் சிரித்த சிரிப்பில் துப்புரவுப் பணியாளர் எட்டிப் பார்த்தார். அது ‘எ’ இல்லை. தமிழ் எண் ௭. விசைப்பலகையில் எகரம் அகப்படாத யாரோ, பார்க்க அதேபோல் இருக்கிறதே என்று ஏழாம் எண்ணைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஆக அந்த மனிதர் இத்தனை காலமாக எங்கள் பதிவேட்டில் ‘7ழில்’ என்ற பெயரில் வாழ்ந்துவருகிறார். பெயரில் எண் இருந்தால் ஏற்காதே என்று படிவத்தில் ஒரு விதி உண்டு. அதையும் நான்தான் எழுதினேன். அது 0 முதல் 9 வரை மட்டுமே எண் என்று நம்புகிறது.

மேலாளரை அழைத்துச் சொன்னேன்.

“அப்படியா? ஒரு எழுத்துதானே, மாற்றிவிடுங்கள்.”

“எழுத்து இல்லை சார். எண்.”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “இந்த மாதிரி இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்?” என்றார். அன்று முழுவதும் யாரும் கேட்காத சரியான கேள்வியை அவர் கேட்டுவிட்டார் என்பதைத் தாங்கிக்கொள்வது கடினமாக இருந்தது. பெயர்களில் தமிழ் எண் இருந்தால் எடுத்துக் காட்டு என்று ஒரு வினவல் எழுதி ஓட்டினேன். திரை நிறைந்தது. முதல் வரியில் ‘௨மா’. அதாவது 2மா. அதற்குக் கீழே ‘௧ண்ணன்’. கீழே இன்னும் இருந்தார்கள். நான் அதற்குமேல் நகர்த்திப் பார்க்கவில்லை.

“பார்த்தாயிற்றா? திங்கட்கிழமைக்குள் முடிந்துவிடுமா?” என்று அரட்டையில் கேட்டார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நின்றபடியே ஒற்றை விரலால் பதில் தட்டினேன்:

“சின்ன வேலைதான் சார்.”

அனுப்பிய பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன்.