கடிதம் இருந்த இடம்

பாரிஸில், ஸேன் நதியின் இடது கரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் எட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்ததால் கிடைத்த வேலை. ஓவியங்களோடு அச்சான அரிய கவிதை நூல்கள், கவிஞர்கள் கைப்பட எழுதிய கடிதங்கள், இவைதான் எங்கள் வியாபாரம்.

முதல் மாதம் முழுக்க எண்ணிக்கைதான். நூலைத் திறந்து ஒவ்வொரு படத்தையும் எண்ண வேண்டும். படத்தை மட்டும் கிழித்துச் சட்டம் போட்டு விற்பவர்கள் உண்டு. ஒரு தாள் குறைந்தாலும் விலை சரிந்துவிடும். அப்புறம் தாளை வெளிச்சத்தில் பிடித்து, தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும் நீர்க்குறியைப் பார்ப்போம். மொத்தம் எத்தனை பிரதிகள், கையில் இருப்பது எத்தனையாவது என்று அச்சிட்டிருக்கும் பக்கத்தைத் தேடுவோம். மேஜையில் பென்சில் மட்டும். கையுறை கிடையாது, கழுவித் துடைத்த வெறும் கைதான். கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாது, கிழிந்துவிடும்.

என்னை இந்த வேலையில் கட்டிப்போட்டவர் மல்லார்மே. பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த பிரெஞ்சுக் கவிஞர். எட்கர் ஆலன் போவின் அண்டங்காக்கைக் கவிதையை அவர் மொழிபெயர்க்க, ஓவியர் மனே படம் வரைந்தார். 1875இல் 240 பிரதிகள், இருவர் கையெழுத்தோடும். விற்கவில்லை. ஆனாலும் மறு ஆண்டே இருவரும் அடுத்த நூலைக் கொண்டுவந்தார்கள்: ஆட்டுக்கால் வனதேவனின் பிற்பகலைப் பாடும் நெடுங்கவிதை, 195 பிரதிகள், கறுப்பும் இளஞ்சிவப்புமான பட்டுக் கயிறு கட்டியது. அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்னும் மனசு நிறைகிறது.

மனே இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1885இல், கவிஞர் வெர்லேனுக்கு எழுதிய கடிதத்தில் தன் அன்புக்குரிய மனேயைப் பத்து ஆண்டுகள் தினமும் பார்த்ததாகச் சொல்கிறார் மல்லார்மே. அந்த நட்பின் அளவை அவர் வாயாலேயே நமக்குச் சொல்வது மூன்றாவது ஆளுக்குப் போன ஒரு கடிதம்!

அவர் கடித உறைகளையும் விடவில்லை. முகவரியையே நாலடிப் பாட்டாக எழுதுவார். ஓவியர் விஸ்லருக்கு எழுதியதில் கடைசி அடியில் 'ரூ டு பாக் 110' என்ற கதவு எண் இயைபோடு வந்து விழும். தபால்காரர்கள் அதைப் படித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உறைதானே என்று குப்பையில் போட்டிருந்தால் அந்தப் பாட்டுகள் போயிருக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். நூலுக்குள் அதே கவிஞரின் கடிதத்தையோ மூல ஓவியத்தையோ செருகிவைத்த பிரதியை இங்கே 'ட்ரூஃபே' என்பார்கள். கோழிக்குள் ட்ரஃபிள் காளான் வைத்துச் சமைக்கிற மாதிரி. இரண்டாம் ஆண்டில் அப்படி ஒன்று வந்தது. 1920களில் அச்சான மெல்லிய நூல், மரச்செதுக்குப் படங்கள், அதிகம் பேசப்படாத ஒரு கவிஞர். உள்ளே மடித்த ஒரு தாள். பைண்டருக்கு நாலு வரி: நீலத் தோல் வேண்டாம், பச்சை போதும். கடிதம் என்றால் கடிதங்களின் அலமாரியில் இருக்க வேண்டும் என்று நினைத்து எடுத்துத் தனி உறையில் வைத்தேன். மூன்றே வாரத்தில், கையெழுத்துகள் மட்டும் சேர்க்கும் ஒருவர் பெயர் சொல்லாமல் ரொக்கம் கொடுத்து வாங்கிப் போனார்.

பிறகு நூலுக்கு விவரக்குறிப்பு எழுத உட்கார்ந்தேன். அட்டை பச்சைத் தோல். அப்போதுதான் உறைத்தது.

கடைக்காரம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. நூலை வாங்கி முன்தாளைத் திருப்பிக் காட்டினார். நடுவில் பழுப்பாக ஒரு செவ்வகம். அமிலம் கலந்த மலிவுத் தாள், பல ஆண்டுகள் அழுந்திக் கிடந்து பக்கத்தில் தன் நிழலை இறக்கியிருந்தது. "இதையும் எழுதுங்கள்" என்றார். எழுதினேன்: இந்த இடத்தில் ஒரு கடிதம் இருந்தது, பைண்டருக்கு, தோலின் நிறம் பற்றி.

இப்போதெல்லாம் நூலுக்குள் எது இருந்தாலும், காய்ந்த பூவானாலும், எந்தப் பக்கம் என்று குறிக்காமல் தொடுவதில்லை.

அந்த விவரக்குறிப்பைப் படித்துவிட்டே நூலை வாங்கினார் லியோனைச் சேர்ந்த ஒரு பெரியவர். வருஷத்துக்கு ஒருமுறை கடிதம் போடுவார், அந்தத் தாள் எங்காவது விற்பனைக்கு வந்ததா என்று. போன டிசம்பரிலும் கேட்டிருந்தார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பதில் எழுதினேன்.