கைப்பிடி போட்டுச் சுற்றும் மேசை

போன மாதம் வட இங்கிலாந்தில், நாங்கள் இருக்கும் லங்காஸ்டருக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தில், 180 பவுண்டுக்கு ஒரு பழைய மகோகனி சாப்பாட்டு மேசை எடுத்தேன். 1870 வாக்கில் செய்தது என்றார் ஏலக்காரர். இந்த மாதிரிக் கனத்த பழுப்பு மரச்சாமான்களை இப்போது இங்கே யாரும் சீந்துவதில்லை. வைக்க இடம் வேண்டுமே. எங்கள் வீட்டிலும் இல்லைதான். “இதைப் போட்டுட்டு நாம எங்கே நிக்கிறது?” என்றார் கணவர்.

நான் மயங்கியது மரத்தில் இல்லை, கைப்பிடியில். மேசையின் ஒரு முனையில், விளிம்புக்குக் கீழே ஒரு துளை. அதில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால், அடியில் இருக்கும் நீளத் திருகு சட்டங்களைத் தள்ளும். மேசை நடுவில் பிளந்து விலகும். இடைவெளியில் இரண்டு பலகைகளை வைத்து எதிர்ப்பக்கம் சுற்றினால், முளைகள் குழிகளில் போய் உட்கார்ந்து எல்லாம் இறுகிவிடும். நாலடி மேசை எட்டடி. முதல் நாள் நானும் மகளும் வேலையே இல்லாமல் பத்துத் தடவையாவது சுற்றியிருப்போம்.

நீளும் மேசைக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டு. லங்காஸ்டர் தச்சுக் குடும்பத்து ரிச்சர்ட் கில்லோ, சட்டங்கள் ஒன்றையொன்று ஒட்டி வழுக்கி நீளும் மேசைக்கு 1800-இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் பெரிய விருந்தென்றால் பல மேசைகளைச் சேர்த்துப் போடுவார்கள். எங்கே உட்கார்ந்தாலும் ஏதாவது ஒரு மேசைக்கால் முழங்காலில் இடிக்கும். கில்லோவின் மேசையைக் கையால்தான் இழுக்க வேண்டும். திருகு வந்தது அப்புறம், விக்டோரியா ராணி காலத்தில்.

துடைக்கும்போதுதான் கவனித்தேன். மேசையின் இரு பாதிகளும் வெளிச்சம் பட்டுத் தேன் நிறத்துக்கு வெளுத்திருக்கின்றன. நடுப்பலகைகள் மட்டும் இன்னும் கருஞ்சிவப்பு. அவை பெரும்பாலும் ஏதோ அலமாரி இருட்டிலேயே கிடந்திருக்க வேண்டும். எட்டுப் பேர் சாப்பிட வந்த நாள்கள் அந்த வீட்டில் குறைவு போல. பாலிஷ் போடுகிறவர், நிறத்தை ஒன்றாக்கித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

அந்தச் சிவப்பு வந்த வழி தெரிந்தபின் மேசையைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் மாறிவிட்டது. அமெரிக்கக் காலனி மரங்களுக்கு இறக்குமதி வரியை நீக்க 1721-இல் பிரிட்டன் சட்டம் போட்டது. முதலில் ஜமைக்கா மரம் வந்தது; அங்கே நல்ல மரம் அருகியதும், மத்திய அமெரிக்காவில் இன்றைய பெலீஸிலிருந்து. வெட்டியவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். ஆகஸ்டில் மகோகனி இலை மஞ்சளும் சிவப்புமாக மாறும். குழுவில் ஒருவர் உயரமான மரத்தில் ஏறி, பச்சைக் காட்டுக்குள் அந்த நிறத்தைத் தேடுவார். பகல் வெயிலை மாடுகள் தாங்காது. அதனால் இரவில் பந்தம் பிடித்துக் கட்டைகளை இழுத்துப்போவார்கள். மழை வந்து ஆறு பெருகியதும் மிதக்கவிடுவார்கள். என் மேசை செய்யும் காலத்தில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் இந்த ஊர்த் துறைமுகம் கொழித்தது அடிமை உழைப்பை நம்பிய வியாபாரத்தில்தான். பெலீஸ் கொடியில் இன்றும் ஒரு மகோகனி மரமும், பக்கத்தில் இரண்டு மரவெட்டிகளும் இருக்கிறார்கள்.

போன ஞாயிறு நிஜமாகவே எட்டுப் பேர் சாப்பிட வந்தார்கள். கைப்பிடியைக் காணோம். நாலடி மேசையைச் சுற்றித் தோள் இடிக்க உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டோம். திங்கட்கிழமை அது மகளின் லெகோ பெட்டியில் கிடைத்தது.